ஆசாரியர் ஜகதீச சந்திர போஸ்

சென்னையிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் புறநகர் இரயில் பொன்னேரியைக் கடந்து கும்மிடிப்பூண்டியில் நிற்கின்றது. அவ்வூர்த் தொழிற்பேட்டையில் பழைய இரும்பை மின்சார உலையிலிட்டு உருக்கும் ஆலைகள் பல உள. திருவள்ளூர் மாவட்டத்தினின்றும் நம் கல்லூரிக்கு வரும் மாணவர் சிலர்க்கு அவ்வாலைகளின் ஒலி இளமை தொட்டே பழகிய ஒலியாகும். சென்ற ஆண்டு யாம் அவர்களுடன் அவ்வழியே நடந்தபோது, ஒரு மதிலையொட்டிக் குவிந்து கிடந்த துருவேறிய இரும்பினிடையே தொட்டாற்சிணுங்கிச் செடி ஒன்று படர்ந்திருக்கக் கண்டோம். மாணவர் ஒருவர் குனிந்து விரலால் அதனைத் தொட்டார்; இலைகள் இணையிணையாகக் கூம்பின. மற்றொருவர் அருகே கிடந்த இரும்புத் துண்டைத் தட்டிவிட்டு, இது மட்டும் ஏன் சிணுங்கவில்லை என்று நகையாடினார்.

நகையாகக் கேட்ட அவ்வினாவை மெய்யாகவே கேட்டு, அதற்கு விடை காண்பதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் ஒருவர் நம் நாட்டிலே வாழ்ந்தார். இரும்பும் தகரமுங் கூடத் தம் முறையில் சிணுங்கவே செய்கின்றன என்று அவர் அறிஞர் அவையில் எழுந்து நின்று சொன்னார். அதனால் பெரும்புகழ் எய்தினார்; பெருந்துன்பமும் எய்தினார். அவர் கூறியதில் எவ்வளவு நிலைத்தது, எவ்வளவு வீழ்ந்தது என்பதை நடுநிலையோடு எடுத்துரைப்பார் அரியர். புகழ்வார் எல்லாவற்றையும் புகழ்கின்றனர். இகழ்வாரோ ஒரு பிழையைக் காட்டி அனைத்தையும் தள்ளுகின்றனர். ஆதலின் அப்பெரியாரது வரலாற்றை இவ்விதழிலே எழுதத் துணிந்தோம்.

ஜகதீச சந்திர போஸ் 1858-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் கிழக்கு வங்காளத்து மைமன்சிங் நகரில் பிறந்தார். இந்நாள் அந்நகரம் வங்காளதேசத்தைச் சேர்ந்தது. குடும்பப் பெயரை வங்காளத்தார் வஸு என ஒலிப்பர்; நம் பாரதியாரும் அவரை ஜகதீச சந்திர வஸு என்றே எழுதுவர். தந்தையார் பகவான் சந்திரர் அரசாங்க உத்தியோகஸ்தர். பிரம்ம சமாஜத்தைச் சார்ந்தவர். உத்தியோகஸ்தர் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதே பெருமையென எண்ணிய அக்காலத்தில், அவர் தம் மைந்தனைத் தாய்மொழிப் பள்ளிக்கே அனுப்பினார். அங்கே சிறுவனுக்கு வலப்புறம் அமர்ந்தவன் தந்தையாருடைய முஸ்லிம் ஏவலாளன் மகன். இடப்புறம் அமர்ந்தவன் ஒரு செம்படவன் மகன். பறவைகளையும் விலங்குகளையும் நீர்வாழ் உயிர்களையும் பற்றி அவர்கள் சொன்ன கதைகளைக் கேட்டதனாலேயே இயற்கையை ஆராயும் வேட்கை தமக்கு உண்டாயிற்றென்று அவர் முதுமையில் நினைவுகூர்ந்தார்.

1869-இல் கல்கத்தாவுக்கு வந்து ஹேர் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் செயின்ட் சேவியர் பள்ளியிலும் அதன் கல்லூரியிலும் பயின்று 1879-இல் பட்டம் பெற்றார். அக்கல்லூரியிலே பௌதிகம் கற்பித்தவர் லாபோன் பாதிரியார் என்னும் பெல்ஜிய நாட்டு ஏசுசபைத் துறவி. அவர் 1865-இல் இந்தியாவுக்கு வந்து, கருவிகள் நிறைந்த ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்து, மாணவர்க்கு மட்டுமன்றி ஊர்ப் பொதுமக்களுக்கும் செய்முறை காட்டி விளக்கியவர். மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தை நிறுவியபோது உறுதுணையாக நின்றவரும் அவரே. சொல்லைவிடச் செய்முறையே வலிது என்னும் பாடத்தைப் போஸ் அவரிடமே கற்றார். மிஷன் கல்லூரி ஒன்றன் இதழில் எழுதும் யாம் இதனைச் சிறிது உவகையோடு குறிப்பதை வாசகர் பொறுப்பாராக.

1880-இல் மருத்துவம் பயிலும் பொருட்டு இலண்டன் சென்றார். உடலைப் பற்றிய காய்ச்சல் அங்கும் விடவில்லை. பிணமறுக்கும் அறையின் நாற்றம் அதனை மிகுவித்தது. மருத்துவத்தைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜ் சென்று கிறைஸ்ட் கல்லூரியில் இயற்கை விஞ்ஞானம் கற்றார். அங்கே பௌதிகம் கற்பித்தவர் ரேலி பிரபு. பயிர்நூல், உடலியல் ஆகியவற்றையும் அவர் அந்நாளில் தேர்ந்த ஆசிரியரிடமே கேட்டார். பௌதிகன் ஒருவன் பின்னாளில் செடியிடம் செல்வதற்கு வித்து அங்கேயே ஊன்றப்பட்டது. ரேலி பிரபுவைப் பற்றி மற்றொன்றும் சொல்லவேண்டும். போஸ் கேம்பிரிட்ஜை விட்டு ஆறாண்டுகள் கழிந்தபின், 1890-இல், அவர் ஒரு பெரிய தொட்டி நீரில் ஒலிவ எண்ணெய்த் துளியைப் பரப்பி, அவ்வெண்ணெய்ப் படலத்தின் கனத்தை அளந்தார். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பகுத்தால் அதில் இரண்டு பங்கிற்கும் குறைவாகவே அக்கனம் இருந்தது. மாணவர் தேடிய பொருளுக்கு ஆசிரியர் தம்மையறியாமலே வழி திறந்தாரென்பது பின்னர் விளங்கும்.

1885-இல் நாடு திரும்பிய போஸ், கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பௌதிக ஆசிரியரானார். இந்தியர்க்கு விஞ்ஞானம் கற்பிக்கும் திறமில்லையென்று கல்வி அதிகாரிகள் கருதிய காலம் அது. அதே வேலைக்கு ஐரோப்பியர் பெற்ற ஊதியத்தினும் மிகக் குறைந்த ஊதியமே அவருக்கு விதிக்கப்பட்டது. அவர் வாதாடவில்லை, வேலையையும் விடவில்லை. ஊதியத்தை மட்டும் தொடமறுத்து மூன்றாண்டுகள் ஒரு காசும் பெறாமல் பாடம் நடத்தினார். தந்தையார் தொழில் முயற்சிகளில் பொருளிழந்து கடனில் ஆழ்ந்திருந்த நேரம் அது என்பதை நினைக்குங்கால் அவ்வுறுதியின் அருமை தெரியும். முடிவில் அரசாங்கமே இறங்கிவந்து, முதல் நாள் முதல் கணக்கிட்டு முழு ஊதியத்தையும் கொடுத்தது. அத்தொகை தந்தையாரின் கடனைத் தீர்க்க உதவிற்று. இவ்விடர்ப்பாட்டுக்கிடையே 1887-இல் அவர் மணந்த அபலா அம்மையார் நம் சென்னைக்கு அயலவர் அல்லர். கல்கத்தாவில் பெண்களுக்கு மருத்துவக் கல்வி கிட்டாமையால், 1882-இல் வங்காள அரசாங்கத்தின் உபகாரச் சம்பளம் பெற்றுச் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்றவர். உடல் நலிவால் அதனை முடிக்க இயலாது திரும்பியவர்.

பிரசிடென்சி கல்லூரியில் ஆய்வுக்கென இடம் இல்லை. இருபத்துநான்கு சதுர அடி அளவுள்ள ஒரு சிற்றறையில், தகர வேலை செய்பவன் ஒருவனைப் பழக்கித் துணையாக வைத்துக்கொண்டு, தம் கைப்பொருளைச் செலவிட்டு 1894-இல் அவர் மின்னலைகளை ஆராயத் தொடங்கினார். ஜெர்மானியராகிய ஹெர்ட்ஸ் கண்ட அலைகள் நீண்டவை. போஸ் அவற்றைச் சுருக்கி 5 மில்லிமீட்டர் நீளமுள்ள அலைகளை ஆக்கினார். கல்கத்தா நகர மண்டபத்தில் மக்கள் காண, அலைகளைச் சுவருக்கு அப்பால் செலுத்தி மணியடிக்கவும் வெடிமருந்து வெடிக்கவும் செய்தார். அவ்வலைகளின் இயல்பை அறிய அவர் கையாண்ட கருவிகளைக் கண்டால் வியப்பும் நகையும் ஒருங்கே தோன்றும். முறுக்கிய சணல் ஒரு கருவி. பிராட்ஷா என்னும் இரயில்வே அட்டவணை நூலின் ஏடுகளுக்கிடையே உலோகத் தகடு செருகியது மற்றொரு கருவி. 1897 ஜனவரியில் இலண்டன் ராயல் நிலையத்தில் இவற்றைக் காட்டிப் பெரும் பாராட்டைப் பெற்றார். அக்கண்டுபிடிப்புகளைப் பணமாக்கிக்கொள்ளும்படி வணிகர் வற்புறுத்தியபோது அவர் இசையவில்லை. நண்பர் தூண்டுதலால் பதிவு செய்த ஒரு கருவிக்கு மட்டும் 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. குறைகடத்திப் பொருளைக் கொண்ட கருவிக்கு வழங்கிய முதற் காப்புரிமைகளுள் அஃது ஒன்றெனப்படும்.

இடையே 1896-இல் அவர் வங்காளியில் ஒரு கதையும் எழுதினார். குந்தலீன் என்னும் கூந்தல் தைலத்தை விற்ற வணிகர் நடத்திய போட்டிக்கு எழுதியது அக்கதை. கல்கத்தாவைத் தாக்க வந்த புயல் திடீரென மறைந்துவிடுகின்றது. அறிஞரெல்லாம் காரணம் அறியாது திகைக்கின்றனர். இலங்கை நோக்கிச் சென்ற கப்பலில் இருந்த நோயாளி ஒருவர் தம் தலைக்கு வைத்திருந்த தைலப் புட்டியைக் கடலிற் கவிழ்த்ததே காரணமாம்! நீர்மேற் பரந்த எண்ணெய்ப் படலம் கடலையே அடக்கும் என்பது விளையாட்டுக் கதையே. எனினும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று பெரிய ஆற்றலை அடக்கவல்லது என்னும் அவ்வெண்ணத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

இனி நாம் சொல்லவந்த பகுதிக்கு வருவோம். அந்நாளில் மின்னலையை அறியும் கருவி, இரும்பரத்தூள் அடைத்த கண்ணாடிக் குழாய். அலை பட்டவுடன் தூளினூடே மின்சாரம் எளிதிற் பாயும். போஸ் அத்தூளுக்குப் பதிலாக எஃகுச் சுருள்களை அமைத்துச் செப்பம் செய்தார். அதனை இடைவிடாது பயன்படுத்தியபோது அதன் உணர்ச்சி குறைவதையும், சில நேரம் சும்மா விட்டுவைத்தால் மீண்டும் பழைய உணர்ச்சி பெறுவதையும் கண்டார். உழைத்த தசை களைத்து ஓய்வினால் தெளிவது போன்றதன்றோ இது? மற்றொருவராயின் கருவியின் குறையென்று அதனைத் திருத்தியிருப்பர். போஸ் அக்களைப்பையே ஆராயப் புகுந்தார்.

தகரக் கம்பி ஒன்றன் இரு முனைகளை ஈரமான இணைப்பால் மின்மானியோடு பிணைத்து, ஒரு முனையை முறுக்கி அதிர்ச்சி கொடுத்தார். மின்மானியின் முள் துள்ளி அடங்கிற்று. அதிர்ச்சி மிகுந்தால் துள்ளலும் மிகுந்தது. ஓயாமல் அதிர்ச்சி கொடுத்தால் துள்ளல் தளர்ந்தது. சோடா உப்பின் கரைசல் அத்துள்ளலைப் பெருக்கிற்று. ஆக்ஸாலிக் அமிலம் அதனை அறவே ஒழித்தது. பின்னர் அதே முறையில் முள்ளங்கி, கோசு முதலிய சாதாரணக் காய்கறிகளையும் இலைக்காம்புகளையும் சோதித்தார். அவையும் அவ்வாறே துள்ளின, களைத்தன, நஞ்சுண்டு ஓய்ந்தன. தவளையின் தசை, முள்ளங்கி, தகரம் ஆகிய மூன்றன் வரைகோடுகளையும் அடுத்தடுத்து வைத்தால் இன்னது இன்னதென்று பிரித்தறிவது அரிதாயிருந்தது. 1900-இல் பாரிஸ் நகரத்துப் பௌதிகர் பேரவையிலும், 1901 மே 10-ஆம் நாள் இலண்டன் ராயல் நிலையத்திலும் அவர் இவற்றை விளக்கினார். உயிருள்ளதற்கும் இல்லாததற்கும் இடையே மதில் இல்லை என்பது அவருடைய துணிபு.

அவ்வாண்டு ஜூன் மாதம் ராயல் சங்கத்தில் அவர் கட்டுரை படித்தபோது புயல் எழுந்தது. எழுப்பியவர் பர்டன் சாண்டர்சன் என்னும் முதுபெரும் உடலியலறிஞர். இவர் எளியவரல்லர். சார்லஸ் டார்வின் வேண்டுகோளின்படி, ஈயைப் பிடித்துண்ணும் செடியொன்றன் இலையில் மின்சார மாறுதல் எழுவதை 1873-இலேயே முதன்முதல் கண்டவர். தொட்டவுடன் அசையும் சில செடிகளிலன்றிச் சாதாரணச் செடிகளில் மின்சார விடை எழாதென்பது அவர் கொள்கை. பௌதிகன் தன் எல்லை கடந்து உடலியலுக்குள் நுழைவதும் அவருக்கு உவப்பாயில்லை. கட்டுரையின் தலைப்பையேனும் மாற்றுமாறு கூறினார். போஸ் மறுத்தார். கட்டுரை அச்சேறாமல் சங்கத்தின் பேழைக்குள் உறங்கிற்று. 1902-இல் லின்னேயச் சங்கம் அவருக்கு இடமளித்தது. அவ்வாண்டே தம் முடிபுகளை நூலாகவும் வெளியிட்டார். எனினும் இரண்டாண்டுகளுக்குள் ராயல் சங்கத்தின் கதவு மீண்டும் அடைபட்டது. அச்சுக்கு அனுப்பிய பயிராராய்ச்சிக் கட்டுரைகளை அச்சங்கம் தன் வெளியீட்டில் சேர்க்கவில்லை.

இவ்வழக்கில் தீர்ப்பு என்ன? சாதாரணச் செடிகளும் மின்சார விடை தருமென்ற செய்தியில் போஸ் கூறியதே உண்மை. பர்டன் சாண்டர்சன் தவறினார். இன்று அதில் எவர்க்கும் ஐயமில்லை. உலோகத்தின் துள்ளலும் செடியின் துள்ளலும் ஒரே வகையென்ற செய்தியிலோ போஸின் துணிபு அளவுக்கு மிஞ்சியது. தகரத்தில் நிகழ்வது மேற்பரப்பில் எழும் மின்வேதி மாறுதல். அதற்கு உண்டலும் இல்லை, வளர்தலும் இல்லை. இரண்டு வரைகோடுகள் ஒத்திருப்பதனால் அவற்றை வரைந்த கைகளும் ஒன்றாகிவிடா. அளவையில் மிக நுட்பமானவர், முடிபில் இத்துணை விரைந்தது எங்ஙனம் என்று யாம் பலகால் எண்ணியதுண்டு. அனைத்திலும் ஒருமை காணும் வேதாந்த நோக்கம் அவரை ஈர்த்ததென்பர் சிலர். எதிர்ப்புக் கடுமையானபோது மனிதர் தம் கொள்கையைச் சற்று மிகைப்படக் கூறுவது இயல்பென்பதும் நினைக்கத்தக்கது. கட்டுரையை அச்சேற்றி அதன் பிழையை வெளிப்படையாக மறுத்திருப்பின் இருசாராரும் பயனடைந்திருப்பர்; பேழையில் பூட்டியதனால் அவர் காயமுற்றதன்றி விஞ்ஞானம் ஒன்றும் பெறவில்லை.

கட்டுரைகளுக்கு இடமில்லையெனவே அவர் பெருநூல்கள் எழுதலானார். சகோதரி நிவேதிதை அந்நூல்களைச் செப்பனிட உதவினார். இரவீந்திரநாத தாகூர் திரிபுரா மன்னரிடம் பொருளுதவி பெற்றுத் தந்தார். செடிகளின் விடையைப் பற்றி 1906-இலும், ஒப்புநோக்கு மின்னுடலியலைப் பற்றி 1907-இலும் நூல்கள் வெளிவந்தன.

அவர் ஆய்வில் மிகுதியும் இடம்பெற்றவை இரண்டு செடிகள். ஒன்று தொட்டாற்சிணுங்கி, அமெரிக்க நாட்டினின்றும் வந்து நம் வேலியோரத்தைத் தனதாக்கிக்கொண்ட செடி. மற்றொன்று, எவரும் தொடாமலே தன் சிற்றிலைகளை ஏற்றியிறக்கிக்கொண்டிருப்பது. நம் சித்த மருத்துவர் தொழுகண்ணி என்பது அதனையே. தொட்டாற்சிணுங்கியின் காம்பில் மிகச் சிறிய மின்சாரத் துடிப்பைக் கொடுத்து, இலை எத்துணை நேரம் கழித்து வீழ்கின்றதென்பதை ஒரு விநாடியின் நூற்றிலொரு பங்கு வரை தானே எழுதிக்காட்டும் கருவியை அமைத்தார். துடிப்பு ஒரு வரம்பிற்குக் குறைந்தால் செடி வாளாவிருக்கும், வரம்பைக் கடந்தால் முழுவிடை தரும், குளிரினால் மந்தமுறும், மயக்கமருந்தால் உறங்கும், வெப்பம் 60 பாகையை நெருங்கும்போது இறுதியாக ஒருமுறை வலித்து மின்சாரத் துள்ளலோடு உயிர் நீங்கும். இவற்றையெல்லாம் கண்ட அவர், செடிக்கும் நரம்புண்டு என்றார். 1916-இல் இத்தாலியராகிய ரிக்கா என்பார் தண்டை இரண்டாக வெட்டி, நடுவே நீர் நிறைந்த குழாயைப் பொருத்தினார். உயிரற்ற நீர் வழியாகவும் கிளர்ச்சி மறுபுறம் சென்றது. காயத்தில் ஊறும் ஒரு பொருளே நீரோட்டத்தில் சென்று இலையை மடக்குகின்றது, மின்சாரம் அன்று என்றார் ரிக்கா. இருவழியும் உண்டென்பது இன்று தெளிந்த செய்தி. மின்சாரக் குறிப்புச் செல்வது பெரும்பாலும் உணவு கொண்டுசெல்லும் குழாய்த் திசு வழியாக. அதனை நரம்பு என்னும் பெயரால் அழைப்பதைப் பயிர்நூலார் ஒப்புவதில்லை. மரத்தின் உச்சிக்கு நீரேறுவது உயிரணுக்களின் துடிப்பினால் என்று அவர் கூறியதும் நிலைக்கவில்லை.

அப்படியாயின் மின்சாரத் துடிப்பைச் செடியின் எவ்வுறுப்பு உணர்கின்றது? இவ்வினாவின் விடையே போஸ் வாழ்நாளில் முழுதும் கிட்டாதது. ரேலி பிரபு அளந்த எண்ணெய்ப் படலத்தை இங்கே நினைக்கவேண்டும். 1925-இல் ஒல்லாந்தைச் சேர்ந்த கோர்ட்டர், கிரெண்டல் என்னும் இருவர் இரத்த அணுக்களின் கொழுப்பைப் பிரித்து நீர்மேற் பரப்பினர். அது அணுக்களின் மேற்பரப்பைப்போல் இருமடங்கு பரப்பைக் கவிந்தது. ஆகவே ஒவ்வோர் உயிரணுவையும் லிபிட் எனப்படும் கொழுப்பு மூலக்கூறுகள் இரட்டை அடுக்காகச் சூழ்ந்து நிற்கின்றன என்றனர். அச்சவ்வின் கனம், ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பகுத்தால் அதில் ஏறத்தாழ ஐந்து பங்கு. அதன் உட்புறத்திற்கும் வெளிப்புறத்திற்கும் இடையே பத்திலொரு வோல்ட்டு அளவுக்கு மின்னழுத்தம் உண்டு. இது சிறிதென்று கருதற்க. சவ்வு அத்துணை மெல்லியதாதலின், மில்லிமீட்டருக்கு இருபதாயிரம் வோல்ட்டு என்னும் கணக்கிலே அது மின்சாரத்தைத் தாங்கி நிற்கின்றது. காற்றோ மில்லிமீட்டருக்கு மூவாயிரம் வோல்ட்டளவிலேயே பொறி பறக்க உடைந்துவிடும். தைலப் படலம் புயலை அடக்கிய கதை எத்துணை மெய்யாயிற்று!

செயற்கையாக அச்சவ்வை ஆக்கியது 1962-இல். அமெரிக்காவில் முல்லர், ருடின், தியென், வெஸ்காட் என்னும் நால்வர் மூளையினின்றும் எடுத்த லிபிட்டை, உப்புநீர் நிறைந்த இரு அறைகளுக்கு இடையேயுள்ள சிறு துளையில் தடவினர். படலம் மெலிந்து மெலிந்து ஒளியை மீட்டெறியாது கருமையாயிற்று. அதுவே இரட்டை அடுக்குச் சவ்வு. தனித்து நின்றவரை அது வெறுங் காப்புப்பொருள். மின்சாரத் துடிப்பைக் கொடுத்தால் அசையாது. நுண்ணுயிர் வளர்த்த கரைசலினின்றும் பெற்ற புரதவகைப் பொருள் ஒன்றைச் சிறிது சேர்த்தவுடன், அவ்வுயிரற்ற சவ்வு துடிப்பை உணர்ந்தது. வரம்புக்கு உட்பட்டது போலவும் வரம்பைக் கடந்தது போலவும் வெவ்வேறு விடை தந்தது. நரம்பு போலவே நடந்தது. உயிரற்ற பொருளும் விடையிறுக்கும் என்ற போஸின் துணிபு, தகரத்தில் தோற்றுக் கொழுப்புப் படலத்தில் இவ்வாறு வென்றது. அவர் பாலம் இருக்குமென்று கூறியது வீண்போகவில்லை. அது நின்ற இடமே வேறு. இரும்புக்கும் இதில் ஒரு சிறு பங்குண்டு. 1918-இல் லில்லி என்னும் அமெரிக்கர், செறிந்த நைட்ரிக் அமிலத்தில் மூழ்கிய இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தூண்டினால், அதன்மேற் படிந்த மெல்லிய படலம் உடைந்து மீண்டும் கூடும் அலையொன்று கம்பிநெடுக ஓடுவதைக் காட்டி, நரம்பில் ஓடும் கிளர்ச்சிக்கு அதனை உவமையாக்கினார். இரும்பைத் தட்டி நகையாடிய எம் மாணவர் இதனை அறிவாராக.

மென்மையான துடிப்பு சவ்விலுள்ள புரத வாயில்களைத் தட்டித் திறக்கின்றது. வன்மையான துடிப்போ வாயிலை நாடுவதில்லை, சுவரிலேயே ஓட்டையிடுகின்றது. சவ்வின்மேல் விழும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டை நெருங்குங்கால் லிபிட் மூலக்கூறுகள் விலகி நுண்டுளைகள் தோன்றும். துடிப்பு குறுகியதாயின் அவை தாமே மூடிக்கொள்ளும்; நீண்டதாயின் சவ்வு கிழியும். செயற்கைச் சவ்வுகளில் மாஸ்கோ நகரத்து அறிஞர் 1979-இல் இதனை விரிவாக அளந்தனர். 2005-இல் ஜெர்மனியில் ரிஸ்கே, திமோவா என்னும் இருவர், லிபிட்டாலான சிறு கொப்புளங்களுக்குத் துடிப்புக் கொடுத்து, அவை நீண்டு துளைபட்டு விநாடியின் நூற்றிலொரு பங்களவில் மீண்டும் மூடுவதை அதிவேகப் படக்கருவியாற் கண்டனர். இத்துளை வழியே உயிரணுவுக்குள் புதிய பரம்பரைப் பொருளைச் செலுத்தலாமென்று நாய்மன் குழுவினர் 1982-இல் காட்டினர். புற்றுநோய்க் கட்டிக்குள் மருந்து புகுத்தவும், பழச்சாற்றை மிகக் காய்ச்சாமலே கிருமி நீக்கவும், வறுவலுக்கு உருளைக்கிழங்கைப் பதப்படுத்தவும் இம்முறை இன்று பயன்படுகின்றது. போஸின் செடிகள் பெற்ற துடிப்பு மென்மையானது; இத்துளையிடும் துடிப்பு அன்று. இரண்டையும் ஒன்றாக்கி, எல்லாம் அவர் முன்பே கண்டதெனக் கூறுவார் கூற்று அவருக்குப் பெருமையாகாது. துடிப்பின் அளவையும் காலத்தையும் விடையின் அளவையும் காலத்தையும் செடியின் கையாலேயே எழுதுவிக்கவேண்டுமென்ற முறையே அவருக்குரியது.

எஞ்சிய வரலாறு சுருங்கியது. 1915-இல் கல்லூரிப் பணியினின்றும் ஓய்வு பெற்றார். 1917-இல் ஸர் பட்டம் கிடைத்தது. அவ்வாண்டு தம் பிறந்தநாளாகிய நவம்பர் 30-இல், வாழ்நாளில் சேர்த்த பொருளைக் கொண்டு கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். செடியின் வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் என்னும் அவர் கருவியை இலண்டனிற் சிலர் ஐயுற்றபோது, 1920-இல் அறிஞர் குழுவொன்றன் முன்னிலையில் அதனை இயக்கிக் காட்டினார்; குழுவினர் அது மெய்யே எனக் கையொப்பமிட்டனர். ஒருகாலத்தில் அவர் கட்டுரையைப் பூட்டிவைத்த ராயல் சங்கம் அவ்வாண்டே அவரைத் தன் உறுப்பினராக்கிக்கொண்டது.

1937 நவம்பர் 23-ஆம் நாள், எழுபத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கிரிதி என்னும் ஊரில் அவர் உயிர்நீத்தார். பெண்கல்வித் தொண்டிலே ஈடுபட்டிருந்த அபலா அம்மையார் 1951 வரை வாழ்ந்திருந்தார். கல்கத்தா செல்லும் மாணவர் அந்நிலையத்தைக் காணாது திரும்பவேண்டா. அவர் கையாண்ட கருவிகள் பல அங்கே காக்கப்பட்டிருக்கின்றன. உலோகத் தகடு செருகிய அந்த இரயில்வே அட்டவணை நூலும் அவற்றுள் ஒன்று.